அளந்தவர் கையொப்பம்

ஜூன் 9

இறந்துபோன கணவரின் கட்டுரையில் நான் என் பெயரை ஒட்டிக்கொண்டதாக ஆய்வு நிலையக் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. என் பெயர் அதில் ஏறியபோது அவர் உயிரோடு இருந்தார். கடந்த நவம்பர் 11, காலை எட்டேகால். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

வம்பு பேசுகிறவர்கள் தேதியையாவது சரியாகச் சொல்லலாம்.

பள்ளியில் மதர் பெர்னதெத் எங்களை நாட்குறிப்பு எழுதவைத்து, சனிக்கிழமைதோறும் வாங்கிப் படிப்பார். அதனால் பிறர் படித்தால் கூசவேண்டிய எதையும் இதில் எழுதுவதில்லை என்பது இந்த எழுபத்தெட்டு வயதிலும் என் பழக்கம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கட்டுரை, வெள்ளைமுனைக் கடலின் முப்பத்துநான்கு ஆண்டுக் காலைநேர வெப்பத்தைப் பற்றியது. தண்ணீர் சூடாகச் சூடாகக் கடற்பாசி எப்படிக் குறைந்தது என்று காட்டுகிறது. வெளிநாட்டு இதழ் ஒன்று ஏப்ரல் 19 அன்று ஏற்றுக்கொண்டது. மே 2 அன்று அவர் காலமானார். பேராசிரியர் இஞ்ஞாசிமுத்து, வயது எண்பத்துநான்கு.

எழுதியவர் தரப்பு சில லட்சம் ரூபாய் கட்டணம் கட்டினால் கட்டுரையை உலகத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். கட்டாவிட்டால் இதழின் பக்கத்தில் ஒரு சிறிய பூட்டின் படம் வரும். படிக்கிறவன் காசு கொடுத்துத் திறக்கவேண்டும். இப்படித் திறந்து வெளியிடுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு நிதி இருக்கிறது. விண்ணப்பித்தேன். இன்று பதில் வந்தது. இல்லை.

காரணம் விதி 3. இதழுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாசிரியர், கட்டுரை ஏற்கப்பட்ட நாளில் பணியிலோ படிப்பிலோ மதிப்புறு பேராசிரியர் பதவியிலோ இருக்கவேண்டும். அவர் மதிப்புறு பேராசிரியர். ஆனால் பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர், அமலோற்பவம். நான் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை.

ஏன் என் பெயரைப் போட்டேன் என்று கேட்கிறார்கள். படிவத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது: இதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் நான் சரிபார்த்தேன், அதற்கு நான் பதில் சொல்வேன். அவருக்கு ஆறு ஆண்டுகளாக எண்கள் தெரியவில்லை. கண்நரம்பு. அவர் பெயரில் அந்த உறுதிமொழிக்கு எப்படி டிக் போடுவது?

இன்று காலைக் கடல்நீர் 30.1 டிகிரி.

ஜூன் 10

நீர் 30.0. கிரைண்டர் எவ்வளவு குறைத்துப் போட்டாலும் இரண்டு பேருக்கான மாவைத்தான் அரைக்கிறது. நான்காவது நாளாகத் தோசை. புளித்துவிட்டது.

ஜூன் 11

முடிவை மறுபரிசீலனை செய்யும்படி பல்கலைக்கழக நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். நிதியைக் கவனிப்பது அவர்கள்தான். இரண்டே நிமிடத்தில் பதில்: "தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி." இத்தனை விரைவாகப் பதில் எழுதும் அலுவலகத்தை நான் கண்டதில்லை என்று பாராட்டி எழுதினேன். அதற்கும் இரண்டு நிமிடத்தில் அதே பதில். இயந்திரம் என்று பிறகுதான் புரிந்தது.

சாயங்காலம் அதை மறுபடி திறந்து படித்தேன்.

நீர் 30.0.

ஜூன் 14

நிலையத்தின் இப்போதைய தலைவர் குலசேகரன் வந்தார். என் கணவரின் மாணவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் குலசேகரனின் ஆய்வேட்டை மூன்று முறை திருத்தியது நான். முன்னுரையில், பேராசிரியரின் ஆங்கிலப் புலமைக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

ஒரு சீப்பு வாழைப்பழமும், தட்டச்சு செய்த ஒரு தாளும் கொண்டுவந்தார்.

"ஒரே ஒரு வரிதாம்மா. 'கட்டுரையை இணையத்தில் ஏற்றுகையில் எழுத்தர் பிழையால் என் பெயர் பொறுப்பாசிரியர் இடத்தில் பதிவாகிவிட்டது. தட்டச்சு செய்தது மட்டுமே என் பங்கு.' நீங்க கையெழுத்துப் போட்டா மிச்சத்தை நான் பாத்துக்கறேன். இதழுக்கும் நானே எழுதிடறேன். சார் பேர் வந்துட்டா நிதி தானா கிடைச்சிடும்."

"எழுத்தர் யாரு?"

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா."

"இந்த வீட்டுல எழுத்தர் யாரும் கிடையாதே, குலசேகரன்."

சிரித்தார். "சார் இருந்திருந்தா என்னைத் திட்டியிருப்பார். இதை இன்னுமாடா முடிக்கலைன்னு."

"திட்டியிருக்க மாட்டார். என்னைக் கூப்பிட்டு, உனக்கு ஒரு லெட்டர் எழுதச் சொல்லியிருப்பார்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, கெடு ஜூலை 18 என்று நினைவூட்டினார். ஏற்கப்பட்ட நாளிலிருந்து தொண்ணூறு நாள். எனக்குத் தெரியும்.

"சாரோட கடைசிக் கட்டுரைம்மா. பூட்டிக் கிடக்கணுமா?"

தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்பது பழம் இருக்கிறது. ஒருத்தி எத்தனை தின்பது?

ஜூன் 15

அந்தத் தாளில் இரண்டு பிழைகள். பென்சிலால் குறித்தேன். கையெழுத்துப் போடவில்லை. நீர் 29.9.

ஜூன் 19

பாசி எடுக்கும் பெண்களின் சங்கத் தலைவி ராக்கு வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் பாசி பறிப்பது அவர்கள் தொழில். பெண்கள் பறித்துத்தான் பாசி அழிகிறது, தொழிலையே நிறுத்தவேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்து, ஆகஸ்ட் 4 அன்று ராமநாதபுரத்தில் விசாரணை. குழுவிடம் எங்கள் கட்டுரையைக் கொடுக்க நினைக்கிறார்கள். அழிப்பது சூடு, பெண்களின் கை அல்ல என்று அச்சில் வரப்போவது அது ஒன்றுதான்.

"வக்கீலம்மா கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துச்சும்மா. வர்றப்ப பூட்டோடதான் வரும்ன்டு சொல்லுது. விசாரிக்கிற ஆபீசர்மாரு அஞ்சு பேரு. காசு கட்டியா தொறந்து படிக்கப் போறாக?"

"ஒரு பிரதி நான் தர்றேன்."

"நீங்க குடுத்தா, வீட்ல அடிச்ச தாளும்பாக. அவுக தட்டுனா அவுக மெசின்ல வரணும்."

நியாயமான பேச்சு. விதியையும், குலசேகரனின் தாளையும் அவளுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு,

"ஒங்க பேருதான் தடைன்டா எடுத்துப்புடுங்களேம்மா. எங்களுக்குக் கடலே போகப் போகுது. பேரு போனா என்ன?" என்றாள்.

அவளுக்கு நான் காப்பி கொடுக்கவில்லை.

ஜூன் 24

நூலகத்தில் ஷகீலா பானு என்ற உதவி நூலகர் தொலைபேசியில் கிடைத்தார். இளம் குரல். மரியாதையாகப் பேசினார்.

"மேடம், ரூல் மூணு தெளிவா இருக்கு. உங்க கையெழுத்துப் பிரதியை எங்க இணையக் களஞ்சியத்துல போடலாம், ஆனா ஒரு வருஷம் கழிச்சுதான் திறக்க அந்த இதழ் விடுவாங்க."

"ஆகஸ்டுக்கு அது உதவாது."

"இன்னொண்ணு இருக்கு மேடம். ரூல் அஞ்சு. சம்பளம் வாங்கினாலும் வாங்காட்டியும், பல்கலைக்கழகத்தோட வேலையைத் தொடர்ந்து செஞ்சவங்களைக் குழு பணியாளராக் கருதலாம். ஆனா ஆதாரம் வேணும். தினமும் கடல் வெப்பத்தை யார் அளந்தாங்கன்னு நோட்டுல எழுதியிருப்பீங்கல்ல? உங்க கையெழுத்து இருக்கிற நாலு பக்கம் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. போதும்."

நன்றி சொன்னேன்.

"வேற எதாவது மேடம்?"

அங்கே மழை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். வைத்துவிட்டோம்.

ஜூன் 25

நோட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். அறுபத்தெட்டு. தூசி தட்டினேன். திரும்ப வைத்துவிட்டேன். நீர் 29.6.

ஜூன் 30

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அதுவாவது ஒரு சத்தமாக இருந்தது.

ஜூலை 2

இரண்டு மாதம் ஆகிறது. காலைப் பூசைக்குக் கொடுத்திருந்தேன். பங்குச் சாமியார் அவர் பெயரைச் சரியாகவே வாசித்தார்.

கோயில் வாசலில் இன்னொரு பேச்சு காதில் விழுந்தது. புருஷன் பிணத்தை வீட்டில் போட்டுவிட்டு நான் வாளியோடு கடலுக்குப் போனேனாம். தவறு. அவர் இறந்தது ராமநாதபுரம் மருத்துவமனையில், அதிகாலை நாலு பத்துக்கு. உடலை ஒன்பது மணிக்குத்தான் தருவோம் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். எனக்காகத் துணைக்கு உட்கார அங்கே யாரும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இது தகவல், புகார் அல்ல. வாடகைக் காரில் வெள்ளைமுனைக்கு வந்து, படகுத்துறையின் நுனிக்குப் போய், ஆறரை மணிக்கு வாளியை இறக்கி, மூன்று நிமிடம் வெப்பமானியைப் பிடித்து, கண்மட்டத்தில் வைத்துப் படித்தேன். 29.8. எட்டே முக்காலுக்கு மருத்துவமனையில் இருந்தேன்.

ஆகவே வீட்டில் பிணம் இருக்கவில்லை.

ஜூலை 8

குலசேகரன் தொலைபேசியில் கூப்பிட்டார். ஷகீலா பானு அவரிடமும் ஆதாரம் கேட்டிருக்கிறார்.

"அம்மா, நிலையத்து மாடியில பழைய நோட்டோட நகல் இருக்கு. எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்துலயும் 'அளந்தவர்'ங்கற கட்டத்துல சாரோட சுருக்கொப்பம்தான் இருக்கு. ஒரு நாள்கூட விடாம. நீங்க ரூல் அஞ்சுல கேட்டீங்கன்னா, குழுவே இதை எடுத்துக் காட்டும். தேவையாம்மா இது? வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல்."

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். பால் வைக்கவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜூலை 9

அளக்கவில்லை.

ஜூலை 10

அளக்கவில்லை. குலசேகரனின் தாளை மேசையில் எடுத்து வைத்தேன். பேனாவில் மை இல்லை. ஊற்றினேன்.

ஜூலை 11

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். ராக்கு. ஈரச் சேலையோடு இன்னும் இரண்டு பெண்கள் வாசலுக்கு வெளியே.

"இருக்கீகளா!" என்று கத்தினாள். பிறகு திரும்பி, "உசுரோடதான்டி இருக்காக" என்றாள் அவர்களிடம்.

"என்ன ராக்கு இது?"

"ரெண்டு நாளா வாளியக் காணம்மா. அய்யா பின்னாடியே போயிட்டீகளோன்டு பதறிட்டோம். நீங்க வாளிய எறக்குனா மணி ஆறரை, அதுக்கப்புறம்தான் நாங்க தண்ணியில எறங்குவோம். நேத்து ஒருத்தியும் நேரத்துக்கு எறங்கலை. வாளியம்மா வரலையே, வாளியம்மா வரலையேன்டு நின்னுக்கிட்டே இருந்தாளுக."

எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது தெரியாது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

"பிடிக்காட்டி என்ன, முப்பது வருசமா அதான். அந்தத் தாளுல கையெழுத்துப் போட்டுட்டீகளா?"

"இல்லை."

"என்ன எழுதியிருக்கு, வாசிங்க."

வாசித்தேன். 'தட்டச்சு செய்தது மட்டுமே என் பங்கு' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"தட்டச்சுன்டா?"

"டைப் அடிக்கிறது."

"அப்ப வாளி தூக்குனது யாரு?"

"அய்யான்னு நோட்டுல இருக்கு."

வெளியே நின்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். ராக்கு சிரிக்கவில்லை.

"அய்யா நல்ல மனுசன். கூட்டத்துல எல்லாம் எங்களுக்காகப் பேசுவாக. ஆனா தண்ணியில கால நனச்சு ஒருநாளும் நான் பாத்ததில்லை. விசாரணையில, இத அளந்தது யாரு, வரச் சொல்லுன்டு அந்த ஆபீசர் கேட்டா நான் யாரைக் கூட்டிட்டுப் போறது? கல்லறைக்கா போறது?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு நான் பேசுனதுல கோவமா இருந்தீகளா? காப்பிகூடக் குடுக்கலை" என்றாள்.

"ஆமாம்."

"சரி. இன்னைக்காவது குடுங்க."

மூன்று பேருக்குக் காப்பி. நான்கு பேருக்கு. தோசையும் ஊற்றினேன். கிரைண்டர் மாவு தீர்ந்தது.

ஜூலை 13

ஞாயிறு. நீர் 29.3.

ஜூன் 9-இல் எழுதியதைத் திருத்தவேண்டும். மதர் பெர்னதெத் படித்தாலும் படிக்கட்டும்.

1990 ஆகஸ்டில் நிலையத்தின் உதவியாளர் பணியிடத்தை எடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம், "ரெண்டே நாள், நீ போய் அளந்துடு, அமலி. என் சுருக்கொப்பத்தைப் போட்டுடு, இல்லேன்னா தணிக்கையில கேள்வி வரும்" என்றார். செப்டம்பர் 1 அன்று போனேன். அந்த இரண்டு நாள் முடியவேயில்லை. அம்மாவின் அடக்கத்துக்கும், என் அறுவைச் சிகிச்சைக்கும், கடல் ஊருக்குள் வந்தபோதும் சேர்த்துப் பதினோரு நாள் தவறியது. கட்டுரையில் இருப்பவை 12,408 காலைகள். ஒவ்வொன்றிலும் அளந்தவர் கட்டத்தில் அவருடைய சுருக்கொப்பத்தை என் கையால் போட்டேன். ஒரே ஒரு பொய் உறுதிமொழிக்கு டிக் போட மறுத்தவள் நான். பன்னிரண்டாயிரம் தடவை அதைத்தான் செய்திருக்கிறேன்.

நவம்பர் 11 பற்றியும் ஒன்று விடுபட்டிருக்கிறது. பொறுப்பாசிரியராக என் பெயரைப் போடுகிறேன் என்று சொன்னபோது, அவர், "நோட்டுல யாரோட சுருக்கொப்பம் இருக்கு?" என்று கேட்டார்.

"உங்களுடையது" என்றேன்.

"அப்புறம் என்ன?" என்றார். சட்னி கேட்டார்.

அது மறுப்பு இல்லை, கேள்வி என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சட்னி வைத்தேன். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, நான் கடலிலிருந்து வந்ததும், "இன்னிக்கு எவ்வளவு?" என்று வழக்கம்போல் கேட்டார். 28.4 என்றேன். அந்தக் கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை. ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 16

நிதிக் குழுவுக்கு எழுதப் போகும் உண்மையைக் குலசேகரனிடம் முன்கூட்டியே சொல்வது முறை என்பதால் சொன்னேன்.

"நோட்டுல இருக்கறது பொய்ச் சுருக்கொப்பம்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, எண்ணையும் சந்தேகப்படுவாங்கம்மா. இதழ் கட்டுரையையே திருப்பி வாங்கிக்கலாம். எல்லாம் போயிடும். சார் பேரு, உங்க பேரு, பாசிக்காரங்களோட மனு, எல்லாம்."

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

"விசாரணையில கேட்டா பதில் சொல்ல உயிரோட ஒரு ஆள் வேணும்."

அது உண்மையான காரணம். ஒரே காரணம் அல்ல. என் பெயர் எனக்கு வேண்டும் என்பதும் காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை.

"என் ஆய்வேட்டைத் திருத்தினதும் நீங்கதானா?" என்று கேட்டார்.

"மூணு தடவை" என்றேன்.

ஜூலை 17

நீர் 29.1. கடிதத்தை ராக்குவின் வக்கீலம்மா நேரில் கொண்டுபோகிறார். நகல்:

திறந்த வெளியீட்டு நிதிக் குழுவுக்கு,

ஐயா, அம்மா,

வெள்ளைமுனை நீர்வெப்பக் கட்டுரையின் பொறுப்பாசிரியர் நான். என் பெயர் பிழையால் ஏறவில்லை. நானே ஏற்றினேன். விதி 5-இன்படி என்னைப் பல்கலைக்கழகத்தின் வேலையைச் செய்தவளாகக் கருதும்படி கேட்கிறேன்.

நீங்கள் கேட்ட ஆதாரம் என்னிடம் இல்லை. நோட்டுகளில் அளந்தவர் கட்டத்தில் இருப்பது என் கணவரின் சுருக்கொப்பம். அதைப் போட்டது நான். அது தவறு, அதை இப்போது திருத்துகிறேன். எண்களில் தவறு இல்லை. நோட்டுகள் அறுபத்தெட்டையும் அனுப்பியிருக்கிறேன். எண்களும் சுருக்கொப்பமும் ஒரே கையெழுத்தா என்றும், அது இந்தக் கடிதத்தின் கையெழுத்தா என்றும் யாரைக்கொண்டும் பார்க்கலாம். நான் அளந்ததைக் கண்ட இருபத்துமூன்று பெண்களின் கையொப்பமும் கைநாட்டும் இணைப்பில் உள்ளன. அவர்கள் என்னை வேறொரு பெயரில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது என்னைத்தான்.

இதனால் கட்டுரைக்கு என்ன நேரலாம் என்பது எனக்குத் தெரியும். இதழுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். நாளை கெடு முடிகிறது. ஆகஸ்ட் 4 அன்று அந்தப் பெண்களின் தொழில் பற்றிய விசாரணை. அதற்குள் கட்டுரை திறக்கவேண்டும். திறக்காவிட்டாலும், அளந்தவளாக நான் அங்கே போவேன்.

ஆம் என்றாலும் இல்லை என்றாலும் காரணத்தோடு தெரிவியுங்கள். தொலைபேசி வேண்டாம், இயந்திரப் பதிலும் வேண்டாம். தபாலில் அனுப்புங்கள். காலை ஆறு முதல் ஏழு வரை நான் படகுத்துறையில் இருப்பேன், மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
அமலோற்பவம் இஞ்ஞாசிமுத்து
அளந்தவர்